வடசாரியில் மட்டும் பதினொன்று

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சவுக்குமேட்டுக் குப்பத்தின் வடசாரியில் முதல் குழந்தை வாந்தி எடுத்தது. ஐந்தரைக்குள் நான்கு. விளக்கு வைக்கும் நேரத்தில் எண்ணிக்கை பதினொன்றில் வந்து நின்றது. நடுவில் முப்பதடி மணல். அதற்கு அந்தப் பக்கம் தென்சாரி. அங்கே ஒரு குழந்தைகூடத் தும்மவில்லை.

ஊர் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. பால்வாடியில் சமைக்கும் இருசம்மாள் தென்சாரிக்காரி. போன மாதம் அவள் தம்பி அங்கமுத்து, வடசாரியின் முறைநாளில் திருட்டுத்தனமாக ஏரியில் வலை இறக்கிப் பிடிபட்டான். பிடித்துக் கொடுத்தவன் வடசாரிக் கருப்பன். ஒரு மாதம் வலையைத் தொடக்கூடாது என்று பஞ்சாயத்து தீர்த்துவிட்டது. இப்போது கருப்பனின் கைக்குழந்தைதான் எல்லாக் குழந்தைகளையும்விட மோசமாகக் கிடந்தது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? இருசம்மாளைப் பால்வாடியின் சாமான் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். சப்-இன்ஸ்பெக்டர் வந்தார், அடுப்படியில் இருந்த பானைக்குச் சீல் வைத்தார், போய்விட்டார்.

அது 1979. உலகம் முழுவதற்கும் குழந்தைகள் ஆண்டு என்று அறிவித்திருந்தார்கள். அதனால் அந்த வருஷம் குழந்தைகளைத் தவிர மற்ற எல்லோருக்கும் விழா இருந்தது.

வியாழன், காலை 8.10.

பழவேற்காட்டிலிருந்து தோணியில் வந்து இறங்கிய ஏட்டு அப்துல் ஹை, பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்தார். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஒல்லி மனிதர். சப்-இன்ஸ்பெக்டர் அவருக்கு இட்டிருந்த உத்தரவு சின்னது: "வாக்குமூலம் எழுதிக்க. நாலு மணிக்குள்ள அந்தப் பொம்பளையக் கூட்டிக்கினு வா. யோசிக்காதே." கடைசி வார்த்தைக்குக் காரணம் இருந்தது. அப்துல் ஹை யோசித்த ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு வழக்கு எதிர்பாராத இடத்தில் போய் முடிந்திருக்கிறது. மூன்று தடவை பதவி உயர்வு தவறியதும் அதனால்தான்.

பால்வாடி வாசலில், சிவப்புத் துணியில் வெள்ளை எழுத்தில் ஒரு பதாகை தொங்கியது: 'குழந்தை நல ஒருங்கிணைப்பு இருவார விழா. துறைகள் பல, குடும்பம் ஒன்று.' அதற்குக் கீழே ஊரில் இருந்த ஒரே கைவைத்த நாற்காலியில் அலுவலர் கங்காதரன் அமர்ந்திருந்தார். வட்டார அளவில் அந்த விழாவை நடத்துபவர் அவர்.

"மிஸ்டர் ஏட்டு, இது குழந்தைகளுக்கு வைத்த விஷமல்ல. ஒருங்கிணைந்த சேவையின் மீதே வைக்கப்பட்ட விஷம்."

"சரிங்க சார். பிள்ளைங்களுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"அது சுகாதாரத் துறை. என்னுடையது உணவும் கல்வியும்."

"டாக்டர் பாத்தாரா?"

"டாக்டர் மெட்ராஸில் இருக்கிறார். துறைகளுக்கிடையே ஒத்துழைப்பு என்று ஒரு பயிற்சி முகாம். கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, உணவுக் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்."

"சார் இதுக்கு முன்னாடி எப்ப இங்க வந்தீங்க?"

"செவ்வாய்க்கிழமை விழாவைத் தொடங்கி வைத்தேன். ஒன்றரை மணி நேரம் பேசினேன்."

"பிள்ளைங்க இருந்தாங்களா?"

"இருந்தார்கள். மிகவும் அமைதியாக. பலர் தூங்கிவிட்டார்கள்."

ஏட்டு பூட்ஸை ஒரு மூலையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

காலை 8.40.

சாமான் அறையில் கோதுமை ரவை மூட்டைகளுக்கு நடுவே இருசம்மாள் குந்தியிருந்தாள். நாற்பது வயது. முகம் வீங்கியிருந்தது, அழுததாலா, அடித்ததாலா என்று சொல்ல முடியவில்லை.

"இன்னா இருசம்மா, ஏதாவது கலந்தியா?"

"நான் ஏன் பாய் கலக்கப்போறேன்? அந்தப் புள்ளைங்களுக்கு மூக்கு சிந்திவுடறது நானு."

"உன் தம்பிக்கு வலை போச்சே, கோவம் இல்லியா?"

"கோவம் கீது. தம்பி மேல. முறை தவறி வலை போட்டா சும்மா வுடுவாங்களா?"

மூலையில் ஒரு பெரிய அலுமினியப் பானை கவிழ்ந்து கிடந்தது. அதன் வாயோரம் ஒரு கோழி வைக்கோலைச் சேர்த்து அடைக்குப் படுத்திருந்தது. கதவுக்கு வெளியே, அடுப்படியில், சீல் வைத்த பானை. பானை என்று சொன்னால் அதற்கே கூச்சமாக இருக்கும். சின்னக் குண்டான்.

"நேத்து இதிலதான் சமைச்சியா?"

"ஆமா."

"முப்பத்திரண்டு பிள்ளைங்களுக்கு இதிலயா?"

இருசம்மாள் பக்கத்து மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

"நேத்து எத்தினி பேரு வந்தாங்க?"

"டீச்சரம்மாவக் கேளுங்க பாய். எனக்குப் படிப்பு வராது."

எண்ணுவதற்குப் படிப்பு எதற்கு என்று ஏட்டுக்குத் தோன்றியது. எழுந்து வெளியே வந்தார்.

காலை 9.15.

டீச்சர் சரோஜா மீஞ்சூரிலிருந்து வருகிறவள். ரயில், பஸ், தோணி என்று மூன்றும் ஏறி இறங்கித் தினமும் ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்துவிடுவாள். வருகைப் பதிவேட்டை அவளே நீட்டினாள். அழகான கையெழுத்து. ஒவ்வொரு நாளும் முப்பத்திரண்டு. வடசாரி பதினைந்து, தென்சாரி பதினேழு. கருப்பனின் பதின்மூன்று மாதக் குழந்தைகூட இரண்டு மாதமாகத் தவறாமல் பள்ளிக்கு வந்திருந்தது.

ஏட்டு பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார்.

"டீச்சரம்மா, கார்த்திகைல பெரிய புயல் அடிச்சதே, அன்னிக்கும் முப்பத்திரண்டா?"

"ஆமாங்க. பிள்ளைங்க ரொம்ப ஆர்வம்."

"பிள்ளைங்க வந்தாங்க, சரி. நீங்க எப்படி வந்தீங்க? அன்னிக்கு மீஞ்சூர்லேந்து ரயிலே ஓடலியே?"

சரோஜா உட்கார்ந்துவிட்டாள்.

"வருகை கொறஞ்சா மையத்த மூடிடுவோம்னு மேல சொல்றாங்க ஏட்டய்யா. நான் இன்னா பண்ணுவேன்? தினமும் பாதிப் பிள்ளைங்கதான் வரும். மூடிட்டா அந்தப் பாதியும் தெருவுல நிக்கும்."

"நேத்து வந்த பாதி எது?"

"தென்சாரி. பதினேழு பேரும் வந்தாங்க. வடசாரிலேந்து ஒண்ணுகூட இல்ல."

அப்துல் ஹை பழவேற்காட்டில் பிறந்தவர். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஏரியில் மீன் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம், வலைகள் அதிகம். அதனால் முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒரு நாள் வடசாரியின் பாடு, மறுநாள் தென்சாரியின் பாடு. பாடு உள்ள நாளில் ஆண்கள் ஏரியில், பெண்கள் இறாலைக் கூடையில் போட்டுக்கொண்டு பழவேற்காட்டுச் சந்தையில், வீடு பூட்டு, பிள்ளைகள் பால்வாடியில். பாடு இல்லாத நாளில் அம்மா வீட்டில் இருக்கிறாள், பிள்ளையும் அவள் முந்தானையில். செவ்வாய் வடசாரியின் நாள். புதன் தென்சாரியின் நாள்.

ஆக, புதன்கிழமை இருசம்மாள் சமைத்ததைத் தின்ற பதினேழு பிள்ளைகளும் சௌக்கியம். தின்னாத பதினொன்று வாந்தி.

"இத ஏன் நேத்தே சொல்லல?"

"சொன்னா பதிவேடு பொய்னு ஆயிடும். இருசம்மாகிட்ட அழுதேன். அது ஒரு வார்த்த பேசல. 'நீ போயிட்டா புள்ளைங்களுக்கு யாரு பாட்டு சொல்லித் தருவாங்க, நான் பாத்துக்கறேன்'னு சொல்லிச்சு." சரோஜா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "நான் எழுதிக் குடுக்கறேன் ஏட்டய்யா. வேல போனாப் போவட்டும்."

எழுதிக் கொடுத்தாள். ஆனால் அது போதாது என்று ஏட்டுக்குத் தெரியும். சப்-இன்ஸ்பெக்டர் என்ன சொல்வார் என்பதும் தெரியும்: செவ்வாய்க்கிழமை வைத்த விஷம் புதன்கிழமை வேலை செய்தது. மெதுவான விஷம். பதினொரு குழந்தைகளை உண்மையில் வீழ்த்தியது எது என்று சொல்லாதவரை இருசம்மாளுக்கு விடுதலை இல்லை. நாலு மணிக்கு இன்னும் ஆறே முக்கால் மணி நேரம் இருந்தது.

காலை 10.00.

அன்று வடசாரியின் பாடுதான், ஆனால் பிள்ளைகள் கிடந்த கிடையில் யாரும் ஏரிக்கோ சந்தைக்கோ போகவில்லை. கருப்பன் வாசலிலேயே மறித்தான். "பாய், அவள இஸ்துக்கினு போறத வுட்டு இங்க இன்னா பண்றீங்க?"

"உன் பிள்ளையப் பாக்க வந்தேன். நகரு."

உள்ளே அவன் மனைவி மனோரமா மடியில் குழந்தை சுருண்டு கிடந்தது. வெளிச்சம் பட்டால் அழுதது. பக்கத்தில் மருத்துவச்சி கஸ்தூரியம்மாள். அந்தக் குப்பத்தில் ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களில் பாதிப் பேரை இந்த உலகத்துக்குள் இழுத்துப் போட்டவள். அதற்காக அவர்கள்மேல் மரியாதை எதுவும் வைத்திருக்கவில்லை.

"வயிறு போச்சாம்மா?"

"இல்ல பாய். வாந்திதான். யாருக்குமே வயிறு போவல," என்றாள் மனோரமா.

"அத்தான் நானும் சொல்றேன்," என்று கஸ்தூரியம்மாள் குழந்தையின் தலையைத் திருப்பினாள். "ஏட்டு, இங்க வா, கைய வை. அமுக்காத. உனக்கு ஆறு புள்ள கீதே, உச்சி எப்படி இருக்கும்னு தெரியாது?"

குழந்தையின் உச்சிக்குழி குழியாக இல்லை. மேடாகப் புடைத்திருந்தது.

"வாந்தி எடுத்து ஒடம்புல தண்ணி வத்தினா உச்சி உள்ள போவும். நூறு பாத்துக்கீறேன். இது வெளிய தள்ளிக்கினு கீது. கெட்ட சோறு தின்னதுக்கு இப்டி வராது."

"கம்பவுண்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். உனக்கு லைசென்சு கீதானு கேட்டாரு."

ஏட்டு பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார். வெளியே மணலில் நாலு வயதுப் பையன் ஒருவன் நண்டுக்குக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தான்.

"அது யாரு?"

"எங்க மூத்தது," என்றாள் மனோரமா.

"அவனுக்கு ஒண்ணும் வரலியா?"

"வரல. நேத்து ரெண்டும் ஒரே தட்டுலதான் தின்னுச்சுங்க. ஒரே கொடத்துத் தண்ணி."

"முந்தாநாளு?"

"முந்தாநாளு அவன் இங்க இல்ல. அனுப்பம்பட்டுல நாத்தனார் வூட்டுக்குப் போயிருந்தான். நேத்துக் காலைலதான் இட்டுக்கினு வந்தாங்க."

"நைனா, நான் ரயிலு பாத்தேன்," என்று பையன் கருப்பனிடம் பத்தாவது முறையாக அறிவித்தான்.

"மனோரமா, நல்லா யோசிச்சுச் சொல்லு. நேத்துக் காலைலேந்து சாயங்காலம் வரைக்கும் இந்தப் பாப்பா வாய்க்குள்ள போனது இன்னா இன்னா?"

"கஞ்சி. என் பாலு. ஒரு துண்டு வாழப்பழம். அப்பறம், நர்சம்மா வந்து கண்ணு மருந்து ஒரு கரண்டி ஊத்தினாங்க, மீனெண்ண வாட அடிக்குமே, அது. மாலைக்கண்ணு வராம இருக்க. அது எல்லா வூட்டுலயும் ஊத்தினாங்க. மூத்தவனுக்கும்."

"எத்தினி மணிக்கு?"

"பத்து, பதினொண்ணு இருக்கும்."

அதன் பிறகு ஏட்டு வடசாரியில் பதினைந்து குழந்தைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரப்படவில்லை. எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: செவ்வாய் எங்கே, புதன் என்ன. பகல் ஒன்றரை மணிக்கு அவர் குறிப்பில் இப்படி இருந்தது: வாந்தி எடுத்த பதினொன்றும் செவ்வாய்க்கிழமை பால்வாடியில், பதினொன்றும் புதன்கிழமை கண் மருந்தை விழுங்கியவை. தப்பித்த நான்கில் இரண்டு செவ்வாய்க்கிழமை ஊரில் இல்லை. மற்ற இரண்டும் புதன்கிழமை நர்சம்மா ஊற்றிய மருந்தை அவள் தலை மறைவதற்குள் துப்பிவிட்டன.

செவ்வாய் மட்டும் போதாது. புதன் மட்டும் போதாது. இரண்டும் சேர வேண்டும்.

பகல் 2.20.

பால்வாடியில் கங்காதரன் தம் ஜீப் டிரைவர் கொண்டுவந்த சாப்பாட்டை முடித்துவிட்டுக் கண்ணை மூடிச் சிந்தித்துக்கொண்டிருந்தார். குறட்டை மெல்லியதாக வந்தது. ஏட்டு அவரைச் சுற்றிக்கொண்டு சரோஜாவிடம் போனார்.

"டீச்சரம்மா, செவ்வாய்க்கிழமை சார் பேசி முடிச்சப்பறம் இன்னா நடந்துச்சு?"

"எல்லாரும் கை தட்டினோம். அப்பறம் சார் ரெண்டு பாட்டில் குடுத்தாரு. சத்து மருந்து, பிள்ளைக்கு ஒரு கரண்டி, ரெண்டு நாள்ல முடிச்சுடணும்னு சொன்னாரு. அன்னிக்கு வடசாரிப் பிள்ளைங்களுக்குக் குடுத்தேன். கைக்கொழந்தைங்களுக்கும். நேத்து தென்சாரிக்கு."

"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கல. சோத்தப் பத்தித்தான கேட்டாங்க?"

அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். பழுப்புக் கண்ணாடி. அதைச் சுற்றிப் பளபளப்பான மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது: 'துறைகளின் ஒற்றுமையே மழலைகளின் நலன்! விழாக் குழுத் தலைவர் திரு. கங்காதரன் அவர்களின் வாழ்த்துகளுடன்.' பெயர்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்து. உள்ளே என்ன மருந்து என்று எங்கேயும் இல்லை. மூடியைத் திறந்து முகர்ந்தார். இனிப்பு, கொஞ்சம் ஆரஞ்சு, அடியில் லேசாக மீன் எண்ணெய்.

"நர்சம்மா மறுபடி எப்ப வருவாங்க?"

"இன்னிக்குத்தான். நேத்து தென்சாரி பூரா பூட்டிக் கெடந்துச்சே. இன்னிக்கு அவங்க வூட்ல இருப்பாங்கன்னு ரெண்டு மணித் தோணிக்கு வர்றதா சொன்னாங்க."

அப்துல் ஹை கடைசியாக ஓடியது காவலர் பயிற்சிக் காலத்தில். இப்போது பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, சுடுமணலில், தென்சாரியை நோக்கி ஓடினார். காயப்போட்ட வலை ஒன்று காலில் மாட்டியது. அதையும் இழுத்துக்கொண்டு ஓடினார்.

பகல் 2.35.

தென்சாரி முதல் வீட்டு வாசலில் நர்ஸ் ஜெசிந்தா ஒரு சிறுமியின் மூக்கைப் பிடித்திருந்தாள். கரண்டி உதட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், ஊத்தாதீங்க!"

ஜெசிந்தா திரும்பினாள். பன்னிரண்டு வருஷ சர்வீஸ். யார் கத்தினாலும் கை நடுங்காது. "ஏட்டய்யா, இது கவர்மென்டு மருந்து. கத்தாதீங்க, கொழந்த பயப்படும்."

"ஒரே ஒரு கேள்வி. இத எத்தினி நாளைக்கு ஒரு தடவ குடுக்கணும்?"

"ஆறு மாசத்துக்கு ஒரு கரண்டி."

"ஒரு கரண்டி குடுத்த மறுநாளே இன்னொரு கரண்டி குடுத்தா?"

"யாரு குடுப்பாங்க? அளவு மீறினா தலவலி வரும், வாந்தி வரும். கைக்கொழந்தையா இருந்தா உச்சி…" ஜெசிந்தா நிறுத்தினாள். "எனக்கு இப்பத்தான் தோணில வரும்போது வாந்தின்னு சொன்னாங்க. சோறுன்னு சொன்னாங்க. கொழந்தைங்க உச்சிய யாராவது தொட்டுப் பாத்தாங்களா?"

"கஸ்தூரியம்மா பாத்தா. மேடா கீது."

கரண்டி சிறுமியின் உதட்டிலிருந்து இறங்கியது. மருந்து மணலில் கொட்டியது. சிறுமி, வாழ்க்கையில் முதல் முறையாகப் போலீஸ்காரரைப் பார்த்துச் சிரித்தாள்.

மாலை 3.15.

பால்வாடியில் எல்லோரும் இருந்தார்கள். வடசாரி ஒரு பக்கம், தென்சாரி ஒரு பக்கம், நடுவில் விரித்த ஒரு கோரைப்பாய். கங்காதரன் விழித்துக்கொண்டிருந்தார். ஏட்டு சாமான் அறைக் கதவைத் திறந்து இருசம்மாளைக் கூட்டிவந்து பாயில் உட்கார வைத்தார். சரோஜாவை அவள் பக்கத்தில். ஜெசிந்தாவை அடுத்து. கஸ்தூரியம்மாள் யாரும் சொல்லாமலே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"இது என்ன, கைதியோடு சமபந்தியா?" என்றார் கங்காதரன்.

"ஒருங்கிணைப்பு, சார்," என்றார் ஏட்டு. ஒரு சொம்பில் தண்ணீர் கேட்டார்.

"வடசாரிப் பிள்ளைங்களுக்கு மட்டும் வந்துச்சு. அதனால வடசாரிமேல கோவம் உள்ளவ செஞ்சான்னு எல்லாரும் நெனச்சோம். வடசாரின்னா கோவம் மட்டுந்தானா? செவ்வாய்க்கிழமை வடசாரியோட பாடு. அன்னிக்குப் பிள்ளைங்க இங்க இருந்தாங்க. டீச்சரம்மா ஒரு கரண்டி குடுத்தாங்க. புதன்கிழமை அவங்க பாடு இல்ல. பிள்ளைங்க வீட்ல. நர்சம்மா வீடு வீடா போயி இன்னொரு கரண்டி குடுத்தாங்க. தென்சாரி வீடு பூட்டிக் கெடந்துச்சு. அதனால அந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு கரண்டியோட நின்னுடுச்சு. இன்னிக்கு ரெண்டாவது கரண்டி வந்திருக்கும். கொஞ்சத்துல தப்பிச்சாங்க."

"அபத்தம்!" கங்காதரன் எழுந்தார். "நாங்கள் கொடுத்தது சத்து மருந்து. சுகாதாரத் துறை கொடுத்தது கண் மருந்து. இரண்டும் வேறு வேறு துறை!"

ஏட்டு பாட்டிலின் மஞ்சள் காகிதத்தில் தண்ணீரைத் தெளித்தார். கொஞ்சம் பொறுத்தார். பிறகு விரலால் ஓரத்தைக் கிளப்பி மெதுவாக உரித்தார். அடியிலிருந்து கம்பெனி ஒட்டிய சீட்டு வெளியே வந்தது. ஜெசிந்தா தன் பையிலிருந்த பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒரே சீட்டு. ஒரே எழுத்து. வைட்டமின் ஏ. ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று சிவப்பில் அச்சடித்திருந்ததும் ஒன்றே.

"டீச்சரம்மாவுக்கு இந்த இங்கிலீஷு படிக்கத் தெரியும்," என்றார் ஏட்டு. "படிக்க முடியாதபடி சாரோட பேரு மறைச்சிருந்துச்சு. குற்றவாளி யாருன்னு தேடினீங்களே." உரித்த காகிதத்தை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்தார். "இது."

யாரோ சிரித்தார்கள். கருப்பன் சிரிக்கவில்லை. "புள்ளைக்கு இன்னா ஆவும், நர்சம்மா?"

"எறங்கிடும்ப்பா. ரெண்டு நாள்ல உச்சி பழையபடி ஆயிடும். பால் குடுத்துக்கினே இருக்கணும். நான் இங்கயே இருந்து பாக்கறேன்."

"இந்த விழாவுக்குச் சுகாதாரத் துறையையும் முறையாக அழைத்திருந்தோம்," என்றார் கங்காதரன், விட்டுக்கொடுக்காமல். "அவர்கள் வந்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்."

ஜெசிந்தா பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள். "அழைப்பிதழ் வந்துச்சு சார். இன்னிக்குக் காலைல. தபால்ல."

கங்காதரன் தம் பெயர் இருந்த ஈரக் காகிதத்தை ஏட்டிடமிருந்து வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சட்டையில் மஞ்சள் இறங்கியது.

மாலை 4.00 மணிக்கு ஸ்டேஷனில் அப்துல் ஹை தனியாகப் போய் நின்றார். சப்-இன்ஸ்பெக்டர் அறிக்கையைப் படித்தார். மறுபடி படித்தார். "யோசிச்சியா?" என்றார். "கொஞ்சம் சார்," என்றார் ஏட்டு. மறுநாள் மெட்ராஸிலிருந்து திரும்பிய டாக்டர் நேரே குப்பத்துக்கு வந்து, கஸ்தூரியம்மாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினொரு பிள்ளைகளையும் பார்த்துவிட்டு, அறிக்கைக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அதற்குள் பத்துப் பிள்ளைகள் எழுந்து ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிடித்துவந்து காட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

கங்காதரனின் அலுவலகம் ஓர் உயர்மட்டத் துணைக்குழு அமைக்கப்போவதாகச் செய்தி வந்தது. அதில் டீச்சரும் இல்லை, நர்ஸும் இல்லை. சமையல்காரிக்கும் மருத்துவச்சிக்கும் இடம் இருக்கும் என்று எவரும் கனவுகூடக் காணவில்லை. அந்த நான்கு பேரும் துணைக்குழுவுக்காகக் காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானமே அடுப்படியில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். ஜெசிந்தா இனி வீடு வீடாக அலையப்போவதில்லை. வடசாரிக்குப் பாடு உள்ள நாளில் ஒன்று, தென்சாரிக்குப் பாடு உள்ள நாளில் ஒன்று, இரண்டு நாளும் பால்வாடிக்கே வருவாள். எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து போனாலும் அந்தப் பிள்ளையின் அட்டையில் எழுதவேண்டும். அட்டை அம்மாவிடம் இருக்கும். அம்மா காட்டாமல் யாரும் கரண்டியைத் தூக்கக்கூடாது. கைக்குழந்தைகளை வாரம் ஒரு முறை கஸ்தூரியம்மாள் தொட்டுப் பார்த்துச் சொல்வாள், ஜெசிந்தா எழுதிக்கொள்வாள். சரோஜா வந்த பிள்ளைகளை மட்டும் வந்ததாக எழுதுவாள். தினமும் பாதி ஏன் வருகிறது என்று டாக்டரின் கையெழுத்தோடு மேலே ஒரு கடிதமும் போகும். கடிதத்தின் வாசகத்தை நான்கு பேரும் சேர்ந்து இரண்டு மணி நேரம் சண்டை போட்டு எழுதினார்கள்.

ஒன்றை மட்டும் அவர்களால் தீர்க்க முடியவில்லை. இருசம்மாள் குற்றமற்றவள் என்று போலீஸ் சொல்லியாயிற்று. வடசாரித் தாய்மார் அவள் கையில் மறுபடி பிள்ளையைக் கொடுப்பார்களா? அதற்கு எந்தக் கடிதமும் உதவாது.

சனிக்கிழமை, காலை 7.30.

வடசாரியின் பாடு. ஆண்கள் விடியும் முன்பே ஏரிக்குள் போய்விட்டார்கள். அப்துல் ஹை வாக்குமூலங்களில் கைரேகை வாங்க வந்திருந்தார். அதற்கு அவ்வளவு காலையில் வரவேண்டியதில்லை. கேட்டால் தோணி கிடைத்தது என்று சொல்லியிருப்பார்.

பால்வாடியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இருசம்மாள் தலை வாரிப் பூ வைத்திருந்தாள். வாசல் பக்கம் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். ஏழே முக்கால். வடசாரிப் பெண்கள் கூடைகளோடு அவரவர் வாசலில் நின்றார்கள். யாரும் முதல் அடி எடுத்து வைக்கவில்லை. சந்தைக்குப் போகும் தோணியில் பாயை அவிழ்த்துவிட்டார்கள்.

மனோரமா கிளம்பினாள். தலையில் கூடை, இடுப்பில் குழந்தை, கையில் மூத்தவன். மணலைக் கடந்து நேரே அடுப்படிக்கு வந்தாள். இருசம்மாள் எழுந்து நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாக்கா வேடிக்க பாத்துக்கினு கீற? புடி இத. தோணி போவுது."

"கருப்பன் இன்னா சொன்னான்டி?"

"அது வலையப் பாத்துக்கட்டும். புள்ளைய யார்கிட்ட குடுக்கறதுன்னு எனக்குத் தெரியும். ராவெல்லாம் பசின்னு அழுதா. முதல்ல இவளுக்குப் போடு."

குழந்தை கை மாறியது. அது இருசம்மாளின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. "வுடுடி, வலிக்குது," என்றாள் இருசம்மாள். மறு கையால் கரண்டியை எடுத்தாள்.

மனோரமா கூடையை நேராக்கிக்கொண்டு தோணியைப் பார்த்து நடந்தாள். வழியெல்லாம் மற்றப் பெண்கள் அவளைக் கடந்து, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, எதிரே பால்வாடிக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.